கண்ணளித்த கல்வி

மக்கள் வாழ்க்கைக்கு உறுதுணையாகும் தொழில்கள் பல. அவற்றுள் சில, சில திங்கள் பழகிய அளவிலேயே கைவரும்; வேறு சில, ஓராண்டோ ஈராண்டோ முயன்றால் கைகூடும். பிறர் உடலைத் தொட்டு நோய் தீர்க்கும் தொழிலோ அத்தகையது அன்று. தச்சன் தவறினால் ஒரு மரம் கெடும். உழவன் தவறினால் ஒரு போகம் கெடும். மருத்துவன் தவறினால் ஓர் உயிரே கெடும். ஆதலால், இத்தொழிலை மேற்கொள்ள விழைவோர் அதற்குமுன் தம்மை நெடுங்காலம் ஆயத்தம் செய்துகொள்ளல் வேண்டும் என்பது உலகெங்கும் ஒப்ப முடிந்த கொள்கையாகும்.

அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில், பள்ளிக் கல்விதானும் நிரம்பப் பெறாதவர் பலர் மருத்துவப் பள்ளிகளில் சேர்ந்து, விரைவில் மருத்துவராகி வெளிவந்தனர். 1893ஆம் ஆண்டு பால்டிமோர் நகரில் தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளி இந்நிலையை மாற்ற முனைந்தது. கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றவரையே அது மாணவராக ஏற்றது. பின்னர் இம்முறை அந்நாடு முழுவதும் பரவிற்று. இன்றும் அங்கு மருத்துவம் பயில்வோர் பெரும்பாலும் பட்டதாரிகளே. வரலாறோ இலக்கியமோ பயின்று பட்டம் பெற்ற ஒருவர், பின்னர் மருத்துவராக விரும்பினால், மீண்டும் ஓராண்டோ ஈராண்டோ கல்லூரியில் அமர்ந்து உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றை ஆய்வுக்கூடப் பயிற்சியோடு கற்பார். அதன்பின் நுழைவுத் தேர்வு எழுதி மருத்துவப் பள்ளியிற் புகுவார். பட்டம் பெற்றபின் மேற்கொள்ளும் இவ்வாயத்தப் படிப்பை அங்கு எவரும் இழிவாகவோ காலக்கேடாகவோ கருதுவதில்லை.

நம் நாட்டு முறை வேறு. முற்காலத்தில் இண்டர்மீடியட் வகுப்பில் தேறியவரும், இக்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியவரும் நேரே மருத்துவக் கல்லூரியில் சேர வழியுண்டு. எனினும், முதலில் பட்டம் பெற்று, அதன்பின் மருத்துவம் பயின்று, அதன் பின்னும் மாணவராகவே வாழ்ந்து புகழ் எய்திய ஒருவர் மதுரை மாநகரில் இருந்தார். அவரே கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி ஆவார்.

கரிசல் மண்ணில்

எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரம் என்பது கரிசல் நிலத்துச் சிற்றூர். வானம் பார்த்த அப்பூமியில், உழவர் குடியொன்றில் 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் வெங்கடசாமி தோன்றினார். அக்காலத்தில் அவ்வூரில் ஏட்டுக்கும் எழுதுகோலுக்கும் வசதி இல்லை. சிறுவர்கள் ஆற்று மணலைக் கொணர்ந்து தரையிற் பரப்பி, அதில் விரலால் எழுத்துகளை வரைந்து பழகினர். வெங்கடசாமியின் விரல்கள் முதன்முதல் கல்வியைத் தீண்டியது அம்மணலிலேயாம். அவ்விரல்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்த துன்பத்தை நினைக்குங்கால் இச்செய்தி நம் உள்ளத்தை உருக்கும்.

அவர் சிறுவராய் இருந்தபோதே, அவருடைய உறவினருள் மூன்று இளம்பெண்கள் மகப்பேற்றுக் காலத்தில் ஒருவர்பின் ஒருவராக உயிர் துறந்தனர். அருகில் மருத்துவர் எவரும் இலர். இல்லத்தார் அழுவதன்றி வேறொன்றும் செய்ய அறியாது நின்றனர். அத்துயரைக் கண்ணுற்ற சிறுவரின் உள்ளத்தில், மருத்துவராகி இத்தகைய சாவினைத் தடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றிற்று. மகப்பேற்று மருத்துவமே அவர் நாடிய துறையாயிற்று.

முதற்கல்வி

வைகையாற்றின் வடபால் அமைந்துள்ளது மதுரை அமெரிக்கன் கல்லூரி. 1881ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பழமையான நிலையம் அது. வெங்கடசாமி அங்கு வேதியியலைச் சிறப்புப் பாடமாகப் பயின்று, 1938ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றார். பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1944ஆம் ஆண்டில் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றார்.

மருத்துவராக வேண்டியவர் வேதியியலில் ஆண்டுகளைச் செலவிட்டது வீணன்றோ எனச் சிலர் வினவக்கூடும். வீணன்று. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் மாணவன் மூன்று பண்புகளைக் கற்கிறான். துலாக்கோலில் ஒரு துளியும் கூடாமல் குறையாமல் நிறுத்தல் ஒன்று. கண்டதைக் கண்டவாறே குறித்துவைத்தல் ஒன்று. எதிர்பார்த்த முடிவு வாராதபோது, பொருளின்மீது பழி கூறாது தன் செய்முறையில் பிழை தேடுதல் ஒன்று. இம்மூன்றும் மருத்துவனுக்கு இன்றியமையாதவை. மருந்தின் அளவு மிகினும் குறையினும் தீங்கு. நோய்க்குறியை மறந்தாலும் மாற்றி எழுதினாலும் தீங்கு. தன் பிழையை உணராதிருத்தல் எல்லாவற்றினும் பெருந்தீங்கு.

மற்றும் ஒன்று. கண்ணின் இயல்பை எடுத்துக்கொள்வோம். கருவிழிக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லை ஒன்று உள்ளது. வெளியிலிருந்து வரும் ஒளிக்கதிர்களை வளைத்து, கண்ணின் பின்புறத்துள்ள விழித்திரையிற் குவிப்பதற்கு அது துணைபுரிகிறது. ஒளி வளைவது எவ்வாறு என்று கூறுவது இயற்பியல். அவ்வில்லை நீராலும் புரதத்தாலும் ஆயது. முதுமையில் அப்புரதம் திரண்டு ஒளிபுகாத தன்மை அடைகிறது. தெளிந்திருந்த முட்டையின் வெண்கரு, சூடேறியதும் வெளுத்துத் திரள்வதை அடுக்களையில் எவரும் காணலாம். வில்லையில் நிகழ்வதும் ஒருவாறு அதனை ஒத்ததே. ஆயின் அது சூட்டினால் அன்று, பல்லாண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்வது. இதனையே கண்புரை என்கிறோம். புரதம் திரள்வது ஏன் என்று ஆராய்வது வேதியியல். அப்புரையை நீக்கிப் பார்வை அளிப்பது மருத்துவம். அடிப்படை அறிவியல்களைக் கல்லாது மருத்துவம் கற்பது, கடைக்கால் இடாது மாடம் எழுப்புவதை ஒக்கும்.

முறிந்த முயற்சி

பட்டம் பெற்ற வெங்கடசாமி இந்தியப் படையின் மருத்துவப் பிரிவிற் சேர்ந்து பணிபுரிந்தார். அதன்பின் தாம் இளமையிலேயே எண்ணிய மகப்பேற்று மருத்துவத்தைக் கற்பதே அவர் கருத்து. ஆனால் ஊழ் வேறொன்று கருதிற்று. கடுமையான முடக்குவாத நோய் அவரைப் பற்றிற்று. 1948ஆம் ஆண்டில் அவர் படைப்பணியிலிருந்து விலக நேர்ந்தது. மூட்டுகள் வீங்கின, நிற்கவும் இயலவில்லை, நடக்கவும் இயலவில்லை. ஓராண்டுக்கு மேலாகப் படுக்கையே அவருக்கு உலகமாயிற்று. நோய் ஒருவாறு தணிந்தபோது, அவருடைய கைவிரல்கள் கோணிப்போய், என்றும் நேராகாத நிலையை அடைந்திருந்தன. எழுதுகோலைப் பற்றுதற்கும் அவை இசையவில்லை.

அப்போது அவருக்கு வயது முப்பது. பி.ஏ. பட்டம் உண்டு, மருத்துவப் பட்டம் உண்டு, கற்ற கல்வியைச் செயற்படுத்தும் கை இல்லை. நெடுநேரம் நின்று செய்ய வேண்டிய மகப்பேற்று மருத்துவம் இனித் தமக்கு இயலாது என்பதை அவர் உணர்ந்தார். இளமை முதல் பேணி வளர்த்த எண்ணத்தைக் கைவிடுவது எளிதன்று. இந்நிலையிற் பலர், கற்றது போதும் என்று அமைந்துவிடுவர். சிலர், கற்றதெல்லாம் பாழாயிற்று என்று வருந்தி மடிவர். வெங்கடசாமி இவ்விரண்டும் செய்யவில்லை. மீண்டும் மாணவராயினார்.

அவர் தேர்ந்துகொண்ட புதிய துறை கண் மருத்துவம். அமர்ந்தவாறே செய்யத்தக்க பணி அது. ஆயினும் விரலின் நுண்மையை மிகுதியும் வேண்டுவதும் அதுவே. நகக்கண் அளவினும் சிறிய இடத்தில் மயிரிழை தவறாமல் கத்தியைச் செலுத்துதல் வேண்டும். கோணிய விரல்களை உடையார் ஒருவர் இதனைக் கற்க முனைந்தது பலருக்கும் வியப்பாய் இருந்திருத்தல் இயல்பே. அவர் முதலிற் எழுதுகோலைப் பற்றப் பழகினார். பின்னர்ச் சிறு கத்தியைப் பற்றப் பழகினார். தம் விரல்களின் கோணலுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டார். 1951ஆம் ஆண்டில் சென்னை அரசு கண் மருத்துவமனையில் கண் மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றார். 1819ஆம் ஆண்டில் தோன்றிய அம்மருத்துவமனை, இந்நாட்டின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று.

அக்கைகள் பிற்காலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தன. ஆற்று மணலில் எழுதிய விரல்கள், நோயால் முடங்கிய விரல்கள், மூன்றாம் முறை பயிற்சி பெற்று, ஒரு லட்சம் பேரின் இருளை நீக்கின.

மதுரையும் சுற்றுப்புறமும்

1956ஆம் ஆண்டில் வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவராயினார். அக்கல்லூரி 1954ஆம் ஆண்டிலேதான் தொடங்கப்பெற்றிருந்தது. அதனுடன் இணைந்த எர்ஸ்கின் மருத்துவமனையில் அவர் கண் அறுவை மருத்துவராகவும் விளங்கினார். இந்நாளில் அரசு இராசாசி மருத்துவமனை எனப்படுவது அதுவே.

மருத்துவமனைக்கு வருவோர்க்கு மட்டும் மருத்துவம் செய்து அவர் அமைதியுறவில்லை. வாராதவரைப் பற்றியே அவர் கவலை மிகுந்தது. மதுரையைச் சூழ்ந்த சமவெளிகளில் உள்ள சிற்றூர்களில், கண்புரையாற் பார்வை இழந்த முதியோர் பலர் திண்ணையிலேயே காலம் கழித்தனர். நரை முடிக்கு வருவதுபோலக் கண்ணுக்குக் குருடு வருவதும் முதுமையின் இயல்பே என்று அவர்கள் எண்ணினர். கண் தெரியாத முதியவர் காட்டு வேலைக்குச் செல்ல இயலார். அவரைக் கைபிடித்து நடத்த ஒரு சிறுவனோ சிறுமியோ வேண்டும். அதனால் அப்பிள்ளையின் பள்ளிப்படிப்பும் கெடும். ஒருவரின் குருடு இருவரின் வாழ்வைக் கெடுத்தது.

மருத்துவம் விலையின்றிக் கிடைக்கும் என்று கூறிய அளவில் அவர்கள் நகருக்கு வந்துவிடுவார்களோ? பேருந்துக் கட்டணம் வேண்டும். நகரில் உண்ண உணவு வேண்டும். உடன் வருபவர் தம் நாட்கூலியை இழக்க வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த வெங்கடசாமி, ஊர்தோறும் சென்று கண் மருத்துவ முகாம்களை நடத்தத் தலைப்பட்டார். நோயாளி மருத்துவரை நாடிச் செல்லும் வழக்கம் மாறி, மருத்துவர் நோயாளியை நாடிச் செல்லும் வழக்கம் தோன்றிற்று. இந்திய அரசு 1973ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

பதினொரு படுக்கைகள்

1976ஆம் ஆண்டில், ஐம்பத்தெட்டாம் வயதில், வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்னும் சொல்லுக்கு அவர் அகராதியில் இடமில்லை போலும். அதே ஆண்டில் மதுரை அண்ணாநகரில், ஒரு வீட்டில், பதினொரு படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தாம் போற்றிய அரவிந்தரின் பெயரை அதற்கு இட்டார். அவர்தம் தங்கையார் மருத்துவர் நாச்சியாரும், தங்கையின் கணவர் மருத்துவர் நம்பெருமாள்சாமியும் அவருக்குத் தோள்கொடுத்தனர். பொருள் உடையார் அளிக்கும் கட்டணத்தைக் கொண்டே பொருள் இல்லாதார்க்கும் அதே தரமுடைய மருத்துவம் அளித்தல் அந்நிலையத்தின் நெறியாயிற்று. பின்னர்த் தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி முதலிய நகரங்களிலும் அதன் கிளைகள் எழுந்தன.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு எனக் காட்டுகிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பணிபுரிபவர் என்பனவே அவை. வெங்கடசாமி இந்நான்கினையும் பற்றிக் கவலை கொண்டார் என்பதை அவர்தம் பணிகள் உணர்த்தும். நோயுற்றவரை ஊரிலிருந்து வண்டியில் அழைத்துவந்து, உணவும் உறைவிடமும் தந்து, மீண்டும் ஊரிற் கொண்டு சேர்க்கும் முறையை அவர் நிலையம் வகுத்தது.

'மருந்து' என்னும் உறுப்பினையும் அது மறக்கவில்லை. முற்காலத்தில் புரைபட்ட வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த கண்ணாடி அணிவிப்பதே வழக்கம். 1949ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி என்பார், எடுத்த வில்லைக்கு ஈடாகச் செயற்கை வில்லையைக் கண்ணினுள்ளேயே பொருத்திக் காட்டினார். அம்முறை நாளடைவிற் செம்மையுற்றுப் பரவியபோது, அயல்நாட்டு வில்லையின் விலை ஏழைகளுக்கு எட்டாததாய் இருந்தது. அக்குறையைப் போக்க 1992ஆம் ஆண்டில் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்சாலை நிறுவப்பெற்று, செயற்கை வில்லைகள் மிகக் குறைந்த விலையிற் செய்யப்பட்டன. வேதியியலாரும் பொறியியலாரும் மருத்துவரும் ஒருங்கே கூடி உழைத்தாலன்றி இத்தகைய பணி நிறைவேறாது.

உடனிருந்து பணிபுரிவோர்

நான்காம் உறுப்பாகிய பணியாளரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். சுற்றுப்புறச் சிற்றூர்களில், உழவர் குடும்பங்களில் பிறந்து, பள்ளிக் கல்வியை முடித்த பெண்களை இந்நிலையம் தேர்ந்தெடுக்கிறது. அவர்களுக்கு ஈராண்டுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. கண்ணின் உறுப்புகளை அறிதல், பார்வையை அளத்தல், கண்ணினுள் உள்ள அழுத்தத்தைக் கணித்தல், அறுவைக்கு நோயாளியை ஆயத்தம் செய்தல், அஞ்சி நிற்கும் முதியவர்க்கு ஆறுதல் கூறுதல் ஆகியவற்றை அவர்கள் கற்கின்றனர்.

அறுவைக் கூடத்தில் இரண்டு மேசைகள் அடுத்தடுத்து இடப்பட்டிருக்கும். ஒன்றில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே, மற்றொன்றில் அடுத்த நோயாளியை இப்பெண்கள் ஆயத்தம் செய்துவிடுவர். மருத்துவர் ஒரு பணி முடிந்ததும் மறுபுறம் திரும்புவார். காலம் சிறிதும் வீணாகாது. பலரும் கண்ணொளி பெறுதற்கு மருத்துவரின் கைத்திறம் எவ்வளவு காரணமோ, அவ்வளவு இப்பெண்களின் பயிற்சியும் காரணமாகும். நேற்றுவரை பருத்திக் காட்டில் தாயுடன் நின்ற பெண், இன்று பாட்டியின் வயதுடைய ஒருவர் கண்ணின் கட்டினை அவிழ்க்கிறாள். அம்முதியவர் முதலிற் காண்பது அவள் முகத்தையே.

மருத்துவத் துறை என்பது மருத்துவர் ஒருவரால் மட்டும் இயங்குவதன்று என்பது இதனாற் புலனாகும். செவிலியர், ஆய்வுக்கூட நுட்பர், மருந்தாளர், கண்ணாடிக்கு அளவு காண்பவர், மருத்துவமனையை நிருவகிப்போர், ஊர்நலம் பேணும் பொதுச் சுகாதாரப் பணியாளர் எனப் பலர் அதனைத் தாங்கி நிற்கின்றனர். பள்ளியை முடித்தவர்க்கும், வேறு துறையிற் பட்டம் பெற்றவர்க்கும் இவற்றுள் ஏதேனும் ஒரு வாயில் திறந்தே உள்ளது. வணிகவியல் கற்றவர் மருத்துவமனை நிருவாகம் கற்கலாம். உயிரியல் கற்றவர் பொதுச் சுகாதாரம் கற்கலாம். சமூகவியல் கற்றவர் நோயாளிகளின் குடும்பநலம் பேணும் பணியைப் பயிலலாம். முதலிற் கற்ற கல்வி இவர்களுக்குச் சுமையாகாது, கைவிளக்கே ஆகும்.

முடிவுரை

மருத்துவர் வெங்கடசாமி 2006ஆம் ஆண்டு சூலைத் திங்கள் ஏழாம் நாள், எண்பத்தேழாம் வயதில் இயற்கை எய்தினார். அவர்தம் வாழ்வில் மூன்று முறை கல்வி முடிந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாயிற்று. பி.ஏ. பட்டம் பெற்றபோது ஒருமுறை. நோயுற்று விரல் முடங்கியபோது ஒருமுறை. பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒருமுறை. மூன்று முறையும் அவர் தொடக்கநிலை மாணவராகவே மீண்டும் அமர்ந்தார். தாம் கற்ற துறையிற் செல்ல இயலாதபோது கற்ற பண்பினைத் துணைக்கொண்டு வேறு துறையிற் சென்றார்.

மாணவர் சிலர், தாம் விரும்பிய வகுப்பில் இடம் கிடைக்கவில்லை என்றதும் வாழ்வே முடிந்ததென்று மனம் உடைகின்றனர். வேறு சிலர், பட்டம் பெற்ற அன்றே நூல்களைப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் கோணிய விரல்களையுடைய அம்மருத்துவரை நினைத்துப் பார்த்தல் நலம். நேரே சென்றடையும் வழி அடைபட்டால், சுற்றிச் செல்லும் வழியும் உண்டு. சுற்றி வந்தவன் வழியிற் கற்றது மிகுதி. பட்டம் என்பது ஒரு படிக்கட்டேயன்றி மேல்மாடம் அன்று. அப்படிக்கட்டில் நின்று, பிறர் துன்பம் தீர்த்தற்குத் தாம் இன்னும் கற்க வேண்டியது யாது என்று வினவுபவரே கல்வியின் பயனை எய்தியவர் ஆவர்.